சுருக்கிக் கட்டிய சந்திப்பு

கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு நெடுஞ்சாலையில் போய் முட்டலாம். பெங்களூர்–சேலம் சாலை, சென்னை சாலை, ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலை, குப்பம் பக்கம் ஆந்திராவுக்குள் நுழையும் சாலை. நான்குவழிச் சாலையில் பறந்து பழகிய வண்டி அதே வேகத்தோடு ஊருக்குள் இறங்குவதுதான் இங்குள்ள சந்திப்புகளின் முதல் தொல்லை. அப்படியொரு நான்குமுனைச் சந்திப்பைச் சீரமைக்கும் வேலையில் ஆலோசனைப் பொறியாளராக இருந்தேன்.

"ரோட்டை அகலப்படுத்துங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்பதுதான் பார்த்தவர்களெல்லாம் சொன்ன யோசனை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அங்கே தார் ஏற்கெனவே மைதானம் மாதிரி விரிந்து கிடந்தது, கோளாறே அதுதான். எங்கே திரும்புவது என்று சாலை காட்டாவிட்டால் ஆளாளுக்கு ஒரு பாதை போட்டுக்கொள்வார்கள். நான்குமுனைச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32, ஒருதட ரவுண்டானாவில் 8 என்பது பாடப்புத்தகக் கணக்கு. ராங் சைடில் வரும் பைக் அந்தக் கணக்கில் கிடையாது.

வாகனக் கணக்கெடுப்பை மார்ச்சிலேயே முடித்துவிடலாம் என்றார்கள். ஜூனில் இன்னொரு முறை எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மாங்காய் சீசனில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் மினி லாரிகளும் மாங்கூழ் தொழிற்சாலைகளை நோக்கி வரிசை கட்டும். சாலைகளுக்கான தர நெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஊர்ப்புறச் சாலைக் கணக்குப்படி டிரெய்லரோடு வரும் டிராக்டர் 4.5 காருக்குச் சமம். பைக் அரை கார். மார்ச் எண்ணிக்கையை வைத்து சிக்னல் நேரம் குறித்தால், ஜூனில் பச்சை விழுந்து முன்னால் நிற்கும் டிராக்டர் நகர்வதற்குள் சிவப்பு வந்துவிடும்.

அதிகம் வாதாடியது இடதுபக்க வளைவுகளுக்காகத்தான். கிரானைட் ஏற்றிய நீளமான டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்கு இடம் விட்டு முனையை வாரி வளைத்தால், காரும் பைக்கும் பிரேக்கைத் தொடாமலே திரும்பும். கடக்க நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். வளைவைச் சிறிதாக்கி, உள்ஓரத்தில் லாரிச் சக்கரம் மட்டும் ஏறிப் போகும்படி சற்றே உயர்த்திய சொரசொரப்பான கல்பரப்பை வரைந்து கொடுத்தேன். கார்க்காரர் அதில் ஏறத் தயங்குவார். "லோடு வண்டி தினமும் ஏறினா கல்லு நிக்குமா?" என்று துறைப் பொறியாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அடியில் போடும் கான்கிரீட்டின் கனத்தைக் கூட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

ஈபி கம்பங்களையும் ஒகேனக்கல் குடிநீர்க் குழாயையும் நகர்த்தத்தான் காலம் கரைந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை: கடிதம், நினைவூட்டுக் கடிதம், கூட்டு ஆய்வு, அப்புறம் மறுபடி கடிதம்.

பேருந்து நிறுத்தம் சந்திப்பின் வாயிலேயே இருந்தது. ஒரு பஸ் நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். தள்ளி ஓர் இடம் குறித்துப் பலகை வைத்தோம், யாரும் மதிக்கவில்லை. பழைய இடத்தில் பேரிகார்டு வைத்தோம். அதற்கு முன்னால் பஸ் நின்றது, அவ்வளவுதான். கண்டக்டர் ஒருவரிடம் கேட்டேன். "ஆள் நிக்கிற இடம்தானே சார் ஸ்டாப்பிங்" என்றார். ஆட்கள் நின்றது புங்கமர நிழலுக்காக. புது இடத்தில் மொட்டை வெயில். நிழற்குடையை முதலில் கட்டிவிட்டு அப்புறம் பலகை வைத்திருக்க வேண்டிய வேலை அது. ஆனால் டெண்டரில் நிழற்குடை கடைசி வரியில் இருந்தது.

அது வந்த பிறகு காலைக் கூட்டம் புது இடத்துக்கு மாறியது. மாலையில் பாதிப் பேர் இன்னும் பழைய இடத்தில்தான், ஏனென்றால் பூக்கடையும் காய்கறி வண்டிகளும் அங்கே இருக்கின்றன. அந்தக் கடைக்காரர்களுக்கு நிழற்குடைப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கித் தரும்படி நகராட்சிக்கு எழுதியிருக்கிறோம்.