ஒரு மணி நேர லாக்கும் வரப்போகும் ஒலிபரப்புச் சட்டமும்

பண்பலை நிலையத்தில் எந்தச் சட்டமும் கடைசியில் வந்து இறங்கும் இடம் லாக். எந்தப் பாட்டு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நொடி ஓடியது, நடுவில் எந்த விளம்பரம் போனது என்று ஒலிபரப்பு மென்பொருள் தானாகவே எழுதிக்கொண்டு போகும் பட்டியல் அது. ராயல்டி கேட்கும் இசை நிறுவனம் அதைத்தான் கேட்கிறது. விளம்பரம் கொடுத்தவர் பில்லுக்குப் பணம் போடும் முன் அதைத்தான் கேட்கிறார். அமைச்சகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தாலும் முதலில் தேடுவது அதைத்தான். வானொலி தொடர்பான எந்த மசோதாவையும் லாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 நவம்பர் 10 அன்று ஒலிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவை வெளியிட்டது. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் இருக்கும் இடத்தில் இது வரும். ஆறு அத்தியாயங்கள், 48 பிரிவுகள், மூன்று அட்டவணைகள். 2024 ஜூலையில் ஒரு திருத்திய வரைவு சிலர் கையில் மட்டும் போய்ச் சேர்ந்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. பழைய வரைவின் மீது கருத்துச் சொல்ல அக்டோபர் 15 வரை அவகாசம் தந்தார்கள். அந்த ஓராண்டில் நடந்த விவாதம் பெரும்பாலும் ஓடிடியையும் யூடியூபையும் சுற்றியே போனது. வானொலிக்காரர்களும் அதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத சண்டையாகவே பார்த்தார்கள். அது சரியில்லை.

ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு நிமிடப் பாட்டு பதினொன்று வைத்தால் 44 நிமிடம். விளம்பரம் பத்து நிமிடம். மிச்சம் ஆறு நிமிடத்தில் ஆர்.ஜே. பேச்சு, நிலையத்தின் பெயர் சொல்லும் ஒலித்துண்டு, போக்குவரத்து நிலவரம் எல்லாம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி வந்துவிட்டால் விளம்பரம் பதினாறு நிமிடத்தைத் தொடும். தொலைக்காட்சிக்கு மணிக்கு 12 நிமிடம் என்ற வரம்பு கேபிள் விதிகளில் இருக்கிறது. சமூக வானொலிக்கு 7 நிமிடமாக இருந்ததை 2024-இன் புதிய வழிகாட்டுதல் 12 ஆக உயர்த்தியது. தனியார் பண்பலையில் நடைமுறையில் வரம்பு வைப்பது நேயரின் பொறுமைதான்.

அந்த நெருக்கடியில் சில நிலையங்கள் செய்யும் வேலை, பாட்டின் வேகத்தைக் கூட்டுவது. மூன்று சதவீதம் கூட்டினால் நான்கு நிமிடப் பாட்டு ஏழு நொடி குறையும். பதினொரு பாட்டுக்கு 77 நொடி; இரண்டு 30 நொடி விளம்பரத் துண்டுக்கு இடம் கிடைத்துவிடும். காதுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, ஒலிபரப்பு வசதிக்காகப் பாட்டைச் சுருக்க இடம் தருகிறதே தவிர, தொழில்நுட்பத் தேவை இல்லாத வேறு மாற்றத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது. இரண்டாவது சரணத்தை வெட்டுவது முதல் வகை. விளம்பரத்துக்கு இடம் பிடிக்க வேகத்தைக் கூட்டுவது தொழில்நுட்பத் தேவை ஆகாது என்பதே எங்கள் வாசிப்பு. இதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்ப வேண்டாம்: லாக்கில் பதிவான நீளத்தையும் மூலப் பதிவின் நீளத்தையும் அருகருகே வைத்தால் போதும்.

31டி 2012 திருத்தத்தில் வந்தது. வெளியான பாட்டை ஒலிபரப்ப ஒவ்வொரு நிறுவனத்திடமும் பேரம் பேசத் தேவையில்லை. முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டினால் போதும் என்ற ஏற்பாடு. காகிதத்தில் எளிது. 2013 விதிகளின் 29-ஆம் விதியைப் படித்தால்தான் உண்மையான வேலை தெரியும். ஒலிபரப்புக்கு ஐந்து நாள் முன்பே உரிமையாளருக்கும் பதிப்புரிமைப் பதிவாளருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். ஓர் அறிவிப்பில் ஓர் உரிமையாளரின் படைப்புகள் மட்டுமே இருக்கலாம். எழுதியவர், முக்கியப் பாடகர் பெயர்கள், நிகழ்ச்சியின் பெயர், நேரம், கால அளவு, ஒலிபரப்பு எட்டும் பரப்பு எல்லாம் அதில் வர வேண்டும். அந்த ஐந்து நாளுக்குள் வெளியான புதுப்பாட்டு என்றால் ஒலிபரப்பும் முன் கொடுத்தால் போதும். எதிர்பாராத சூழல் என்றால் ஒலிபரப்பிய 24 மணி நேரத்துக்குள்.

இப்போது நேயர் விருப்ப நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். தொலைபேசியில் வந்தவர் கேட்கும் பாட்டை ஐந்து நாள் முன்பு யார் எழுதிவைப்பது? ஒரு பாடகர் காலமான செய்தி மதியம் வந்தால், மாலை முழுக்க அவர் பாட்டுத்தான். அது எதிர்பாராத சூழல், சரி. நேயர் விருப்பத்தை நாள்தோறும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நிலையங்கள் கையில் இருக்கும் முழுப் பாட்டுக் கிடங்கையும் அறிவிப்பில் கொட்டிவிடுகின்றன. ஆயிரக்கணக்கான வரிகள், ஒலிபரப்பாவதோ அதில் சிறு பங்கு. உரிமையாளருக்கும் அதனால் பயன் இல்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சிரமத்தைப் பார்த்து, முழு விவரத்தை ஒலிபரப்புக்குப் பின் 15 நாளில் தரலாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. விதியை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது என்பது அதன் காரணம். அப்படியென்றால் விதியைத் திருத்த வேண்டியது அரசுதான். ஒலிபரப்புச் சட்டமே புதிதாக எழுதப்படும் நேரத்தில் இதைக் கேட்காவிட்டால் வேறு எப்போது கேட்பது?

உரிமையாளர் யார் என்ற கேள்வி இன்னும் கடினம். ஒரு பாட்டில் வரி, இசை, ஒலிப்பதிவு என்று மூன்று உரிமைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆயுள் வேறு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. வரிக்கும் இசைக்கும், படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்ததிலிருந்து 60 ஆண்டு. 1963-இல் வெளியான, கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் இசையமைத்த பாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தால், ஒலிப்பதிவின் காலம் 2023 முடிவோடு தீர்ந்தது. கண்ணதாசன் மறைந்தது 1981. வரிக்கு 2041 முடிவு வரை உண்டு. இசையமைத்த இருவரில் பின்னால் மறைந்தவர் விஸ்வநாதன், 2015-இல். இசைக்கு 2075 வரை. ‘பழைய பாட்டு, உரிமை போய்விட்டது’ என்று நிலையத்தில் யாராவது சொன்னால், எந்த உரிமை என்று உடனே திருப்பிக் கேட்க வேண்டும். பாரதியார் பாட்டிலும் இதே சிக்கல்: வரிக்குத் தடையில்லை, அண்மையில் போட்ட மெட்டுக்கும் பதிவுக்கும் உரிமையாளர் உண்டு.

ஒலிப்பதிவுக்குக் கட்டிவிட்டால் வரிக்கும் இசைக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா என்பது நெடுநாள் வழக்கு. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம், 2012 திருத்தத்துக்குப் பின் கட்டத்தான் வேண்டும் என்று பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் ராயல்டியை வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ் தொடுத்த வழக்கில் சொன்னது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் போய்ச் சேர வேண்டிய பணம் இது. இதில் நிலையங்களின் பக்கம் நிற்க எங்களுக்கு மனமில்லை. நாள் முழுக்க அவர்கள் உழைப்பை ஓட்டித்தான் விளம்பரம் வாங்குகிறோம்.

கணக்குப் போடும் முறையிலும் நிலைத்தன்மை வேண்டும். பதிப்புரிமை வாரியம் 2010-இல் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்றது. மாத நிகர வருமானம் பத்து லட்சம் என்றால் 20,000 ரூபாய். அதை எல்லா நிறுவனங்களுக்கும் அவரவர் பாட்டு ஓடிய விகிதத்தில் பிரிக்க வேண்டும். 30 சதவீதம் ஓடியவருக்கு 6,000. 2020 டிசம்பர் 31-இல் வந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரிய ஆணை, பாட்டு ஓடிய மணிக்கணக்குக்கு மாறியது. அது 2021 செப்டம்பர் வரைக்கும்தான். அதற்குள் அந்த வாரியமே கலைக்கப்பட்டுவிட்டது. மணிக்கணக்கு முறையில் ஒவ்வொரு நொடியும் பணம். ஆர்.ஜே. பேச்சுக்கு அடியில் மெல்ல ஓடும் பாட்டின் முன்னிசையும் கணக்கில் வரும். அதை லாக் எழுதுவதில்லை, ஏனென்றால் அது ஆர்.ஜே.யின் தனிக் கருவியிலிருந்து போகிறது. வாய்ப்பு இருந்தால் பேச்சுக்கு அடியில் உரிமம் வாங்கிய பின்னணி இசையை மட்டும் வையுங்கள். அந்த உரிமத்தில் ஒலிபரப்பும் அடங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு.

விளம்பரத்துக்கு 31டி உதவாது. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒரு பிரபலமான மெட்டில் கடைப் பெயரைப் போட்டுப் பாடித் தரச் சொல்வார். மூலப் பதிவைப் பயன்படுத்தவில்லை, வேறு குரலில் பாடினோம் என்பது பதில் ஆகாது. மெட்டு இசை உரிமையாளருடையது, வரியைத் திரித்தால் வரியின் உரிமையாளர் சம்மதமும் வேண்டும். மறுபதிவுக்கான 31சி உரிமத்தைக் காட்டவும் முடியாது. அது ஐந்து ஆண்டு கழித்து, குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்டி வெளியிடும் பாட்டுக்கானது. புகழ்பெற்ற குரலைச் செயற்கை நுண்ணறிவில் செய்து தரும் ஏஜென்சிகளும் வந்துவிட்டன. அர்ஜித் சிங் வழக்கில் 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் பாடகரின் குரலுக்கே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. விளம்பரத்துக்கான ஆர்டரை (ஆர்.ஓ.) வாங்கும்போதே ‘இசை, குரல் இரண்டுக்கும் உரிமை விளம்பரதாரர் பொறுப்பு’ என்று எழுதி வாங்குவது நல்ல பழக்கம். ஆனால் அந்த வரி நிலையத்தை முழுக்கக் காப்பாற்றாது, ஒலிபரப்பியது நாம்.

உணவு, மருத்துவ விளம்பரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1954-ஆம் ஆண்டு மாய மருந்துச் சட்டம் சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரத்தைத் தடுக்கிறது. 2024 மே 7-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, ஜூன் 18 முதல் விளம்பரதாரர் சுயஉறுதிச் சான்றை அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா இணையத் தளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஜூலையில் அது உணவு, சுகாதாரத் துறைகளுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை என்று சுருங்கியது. இடைப்பட்ட நாட்களில் சிறு கடைகளின் பத்து நொடி விளம்பரம் சான்று இல்லாமல் தேங்கியது. விதி போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது.

இனி மசோதாவின் வரைவுக்கு வருவோம். நிகழ்ச்சி நெறி, விளம்பர நெறி, மூன்று அடுக்குக் குறைதீர்ப்பு, நிறுவனத்தின் முதலீடு, விற்றுமுதலைப் பொறுத்த அபராதம் ஆகியவற்றில் பெரிய குறை சொல்ல இல்லை. கவலை தருவது, ஒவ்வொரு நிறுவனமும் அமைக்க வேண்டிய உள்ளடக்க மதிப்பீட்டுக் குழு. குழு சான்றளித்த நிகழ்ச்சியைத்தான் ஒலிபரப்ப வேண்டும் என்கிறது வரைவு. முன்பதிவு செய்த தொடருக்கு அது பொருந்தும். வானொலியில் முக்கால்வாசி நேரலை. காலை ஏழு மணிக்கு ஆர்.ஜே. சொல்லப்போவதை எந்தக் குழு முந்தைய நாள் கேட்டுச் சான்று தரும்? விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது போதாது. நேரலை வானொலிக்கான விலக்கு சட்டத்திலேயே இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த ஊர்களில் வரப்போவது ஏழெட்டுப் பேர் நடத்தும் நிலையங்கள். அங்கே தனியாகக் குழு அமைக்க ஆள் கிடையாது.

மசோதா பற்றி அரசிடம் பேசுபவர்கள் இன்னொன்றையும் கேட்கலாம்: பதிப்புரிமை அறிக்கைக்கும் விளம்பரச் சான்றுக்கும் புகார் விசாரணைக்கும் ஒரே வடிவிலான லாக் செல்லும் என்று அறிவிக்க வேண்டும். இப்போது அதே தகவலை மூன்று விதமாகத் தட்டச்சு செய்கிறார்கள். பிழை அங்கேதான் நுழைகிறது. பாட்டுக் கோப்பில் படத்தின் பெயர் மட்டும் இருக்கும், பாடலாசிரியர் பெயர் இருக்காது. ‘படம், பாடியவர்கள், இசை, பாடல்’ என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடும் இலங்கை வானொலி வழக்கத்தில், படைத்தவர், பாடியவர் பெயர் சொல்வதை 31டி இன்று கடமையாகக் கேட்கிறது. கோப்பில் இல்லாத பெயரை ஆர்.ஜே. எங்கிருந்து சொல்வார்?

நிலையங்கள் ஒலிபரப்பின் பதிவை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும். 64 கிலோபிட் தரத்தில் ஒரு நாள் சுமார் 690 எம்.பி., 90 நாளுக்கு 62 ஜி.பி. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை கடிகாரம். லாக் எழுதும் கணினியும் பதிவு செய்யும் கணினியும் வேறு. இரண்டின் நேரமும் மெல்ல விலகும். எட்டு மணி பதினான்கு நிமிடத்தில் விளம்பரம் போனதாக லாக் சொல்லும், பதிவில் அந்த நிமிடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு நிமிட வித்தியாசத்தைக் காட்டி விளம்பரதாரர் பணத்தைப் பிடிக்கலாம். நாளை அபராத விசாரணையில் லாக்கே நம்பத்தகாதது என்று தள்ளப்படலாம். இரண்டு கணினியையும் ஒரே நேரச் சேவையகத்தோடு இணைத்து, வாரம் ஒருமுறை மணியடிக்கும் ஒலியைப் பதிவில் கேட்டு லாக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.