கீமோ பிரிவிலிருந்து: ஒரு செவிலியரின் நாட்குறிப்பு

ஜூலை 2

கீமோதெரபி தொடங்கவிருக்கும் நோயாளியிடம் மருந்தின் வேலையை விளக்காமல் பக்கவிளைவுகளை மட்டும் அடுக்கிச் சொல்வது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் புற்றுநோய் உயிரணு எது, நல்ல உயிரணு எது என்று பிரித்தறியத் தெரியாது. வேகமாகப் பிரிந்து பெருகுவது எதுவானாலும் அதைத் தாக்குகின்றன. சைக்ளோபாஸ்பமைடும் சிஸ்பிளாட்டினும் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துவிடுவதால் உயிரணுவால் தன்னைப் படியெடுக்க முடிவதில்லை. டி.என்.ஏ. உருவாவதற்குத் தேவையான ஃபோலேட்டைப் பயன்படவிடாமல் தடுப்பது மெத்தோட்ரெக்சேட். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், பிரிவின்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்களை உருவாகவிடாது. பாக்லிடாக்செலோ உருவான நுண்குழல்களைக் கலையவிடாது. வழி எதுவானாலும், பிரிவு பாதியில் நின்று உயிரணு மடிகிறது.

எலும்பு மஜ்ஜை, வாயின் உட்சவ்வு, குடலின் உட்சவ்வு, முடியின் வேர் ஆகியவற்றிலும் உயிரணுக்கள் ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஆகவே ரத்த அணுக்கள் குறைவதும், வாய்ப்புண்ணும், வயிற்றுப்போக்கும், முடி உதிர்வும் மருந்தின் அதே வேலை வேறிடத்தில் நடப்பதால் வருபவையே.

ஜூலை 5

“அடுத்த டிரிப்புக்கு மூன்று வாரம் என்கிறீர்களே சிஸ்டர், அதற்குள் நோய் வளர்ந்துவிடாதா?” என்று ஓர் அம்மா கேட்டார். மிக நியாயமான கேள்வி. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கி, மூன்றாவது வார முடிவில் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்புகின்றன. பழுதான டி.என்.ஏ.வைச் சீர்செய்துகொண்டு மீளும் திறன், பெரும்பாலான புற்றுநோய் உயிரணுக்களைவிட நல்ல திசுக்களுக்குக் கூடுதலாக இருக்கிறது. அந்த வேறுபாட்டை நம்பித்தான் இந்தச் சிகிச்சை முழுவதும் நடக்கிறது. இடைவெளியும் மருந்தின் ஒரு பகுதியே.

ஸ்கேனில் கட்டி மறைந்த பிறகும் ஏன் தொடர வேண்டும் என்பதையும் அவருக்கு விளக்கினேன். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி உயிரணுக்கள் இருக்கும். ஒவ்வொரு சுற்றும் இருப்பவற்றில் ஒரு விகிதத்தைத்தான் அழிக்கிறது. நூற்றுக்கு 99 அழிந்தது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கோடி மிஞ்சும், அந்த ஒரு கோடி எந்த ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். அவர் கணக்கைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஜூலை 9

இன்று டாக்ஸோரூபிசின். சிரிஞ்சில் அடர்ந்த சிவப்பாக இருக்கும் இந்த மருந்தைக் கண்டதும் நோயாளிகளின் முகம் மாறுவதை நான் அறிவேன். சலைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியில் மெதுவாகச் செலுத்துவோம். சிறிது சிறிதாகச் செலுத்திவிட்டு, பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்போம். ரத்தக்குழாயைவிட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதை புண்ணாகி அழுகக்கூடும் என்பதால், “லேசான எரிச்சல்தானே” என்று யாரும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கணமே சொல்ல வேண்டும். ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது மருந்தின் நிறம், ரத்தம் அன்று. இதயத் தசையை இது பாதிக்கும் அபாயம், வாழ்நாளில் பெற்ற மொத்த அளவுக்கேற்பக் கூடுவதால் முன்கூட்டியே எக்கோ எடுக்கிறோம், ஒவ்வொரு மில்லிகிராமையும் கணக்கில் வைக்கிறோம்.

ஜூலை 10

முடி, முதல் மருந்துக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கும். எல்லா மருந்துக்கும் உதிராது. சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலானவர்களுக்கு மீண்டும் வளரும். இந்தத் துயரத்தைச் சிறிதென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஜூலை 14

“இது விஷம்தானே?” என்று ஒருவரின் மகன் கோபத்தோடு கேட்டார். மழுப்பத் தோன்றவில்லை. முதலாம் உலகப் போரில் பயன்பட்ட கடுகு வாயுவின் உறவுப்பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை, 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மனும் கில்மனும் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். கட்டிகள் சுருங்கின, பின்னர் திரும்பி வந்தன. 1948இல் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் மூலம் ரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளின் நோயைத் தணித்துக் காட்டினார். அந்தத் தணிவும் நிலைக்கவில்லை. ஒரு மருந்துக்குத் தப்பும் உயிரணு இன்னொன்றுக்கு மடியும் என்பதால் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பிறகு வந்தது. இன்று நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் லிம்போபிளாஸ்டிக் லூக்கீமியா என்னும் ரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

எல்லோருக்கும் நோக்கம் ஒன்றில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். சிலருக்கு நோயை முற்றிலும் குணமாக்க, சிலருக்கு அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்க, சிலருக்கு அறுவைக்குப் பின் மிச்சத்தை அழிக்க, சிலருக்கு வேதனையைக் குறைத்து ஆயுளை நீட்டிக்க. தன் தந்தைக்கு இவற்றில் எது என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கும்படி சொன்னேன். அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பல குடும்பங்கள் சிகிச்சையை முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜூலை 18

காய்ச்சல். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். வெள்ளையணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் நோய்த்தொற்று வந்தால் சீழோ வீக்கமோ தோன்றாமலே போகலாம்; 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் மட்டுமே ஒரே அறிகுறியாக இருக்கலாம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்து, கீமோ எடுப்பவர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க முயல்கிறோம்.

ஜூலை 23

குமட்டலைப் பற்றிய அச்சம், இன்றைய மருந்துகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் பழங்கதைகளிலிருந்து வருவது. ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், அப்ரிபிடன்ட் ஆகியவற்றை முன்கூட்டியே கொடுப்பதால் பலருக்கு வாந்தி வருவதே இல்லை.

சொல்லாமல் மறைக்கப்படும் விளைவு மரத்துப்போதல்தான். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் பெறும் பெரியவர் ஒருவர், டிரிப் ஏற்றுவதற்காகக் கழற்றிய முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட முடியாமல் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்ததைப் போன சுற்றில் கவனித்தேன். “எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, ஐயா?” என்று கேட்டதும் தயங்கினார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். குளிர்ந்ததைத் தொட்டால் வரும் கூச்சம் சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் விரல்களின் மரப்பு ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும், மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் கூடக்கூடும், சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று விளக்கினேன். மருத்துவர் ஆக்சாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு, அதோடு சேர்த்துக் கொடுத்துவந்த ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தைத் தொடர முடிவு செய்தார். இன்று அது மட்டுமே ஏற்றப்பட்டது. பொத்தான் போட முடிகிறதா, பேனா பிடிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும்படி அவருடைய கோப்பில் குறித்து வைத்திருக்கிறேன்.