ஐரிஷ் காபியும் பாதி கெட்டுப்போன பாட்டிலும்

சூடான காபியில் விஸ்கியும் சர்க்கரையும் கலந்து, மேலே க்ரீமை மிதக்கவிட்டால் ஐரிஷ் காபி. அதில் கொஞ்சம் காபி லிக்கரும், அதாவது காபி மணக்கும் இனிப்பு மதுவும், சேர்த்துப் போட்டுப் பார்க்க ஆசை. காபி லிக்கர் என்று கேட்டால் கடையில் முதலில் எடுத்து நீட்டுவது கலூவா. மெக்சிகோ சரக்கு, 1936 முதல் இருக்கிறது. அதை விட்டால் டியா மரியா. நான் இரண்டையும் எடுத்திருக்கலாம், இந்த வேலை ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் மனசில் உட்கார்ந்துவிட்டது ஷெரிடன்ஸ்.

காரணம் அந்தப் பாட்டில்தான். பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு. வளைந்த கண்ணாடி அறைகள் இரண்டு ஒன்றையொன்று அணைத்தபடி நிற்கும். ஒன்றில் கறுப்பு, காபியும் விஸ்கியும் சேர்ந்த லிக்கர். இன்னொன்றில் வெள்ளை, வெனிலா மணக்கும் க்ரீம். சாய்த்தால் இரண்டும் சேர்ந்து வந்து, கறுப்பு அடியிலும் வெள்ளை மேலேயும் தங்கும். அயர்லாந்தில் 1990களில் வந்தது. ஐரிஷ் காபியை ஆறவைத்துப் பாட்டிலில் அடைத்தது மாதிரி இருக்கும்.

ஐரிஷ் காபிக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பெயரும் ஷெரிடன் என்பது இன்னொரு காரணம். ஜோ ஷெரிடன், அயர்லாந்தில் லிமரிக் பக்கம் ஃபாயின்ஸில் இருந்த பறக்கும் படகு (தண்ணீரில் இறங்கும் விமானம்) நிலையத்தில் சமையல்காரர். 1943 குளிர்காலத்தில் ஒரு விமானம் மோசமான வானிலையால் பாதி வழியில் திரும்பி வந்தது. நடுங்கிக்கொண்டு இறங்கியவர்களுக்கு அவர் காபியில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். ஒருவர் “இது பிரேசில் காபியா?” என்று கேட்க, “இல்லை, ஐரிஷ் காபி” என்றாராம். வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த ஷெரிடனையும் இந்த ஷெரிடன்ஸையும் முடிச்சுப் போட்டது நானேதான். பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர வேறு ஆதாரம் என் கையில் இல்லை.

தேடல் ஏறக்குறைய ஏழு மாதம் இழுத்தது. போன கடைகளில் எல்லாம் “அது வர்றதில்லை சார், க்ரீம் மாதிரி வேணும்னா பெய்லிஸ் இருக்கு” என்ற ஒரே பதில். விமானத்தில் போன நண்பன் ஒருவனிடம் படம் அனுப்பிச் சொல்லிவிட்டேன். வரி இல்லாக் கடையில் ஐந்து நிமிடம் தேடிவிட்டு சாக்லேட் வாங்கி வந்தான். கடைசியில் அது இருந்தது, கூடப் படித்தவனின் பெரியப்பா வீட்டு ஷோகேஸில், ஒரு பித்தளைக் குதிரைக்கும் நின்றுபோன கடிகாரத்துக்கும் நடுவில். யாரோ பரிசாகக் கொடுத்ததாம். “அதையா கேக்குற? எத்தனையோ வருஷமா அங்கேயே நிக்குது. எடுத்துட்டுப் போப்பா” என்றார்.

மூடியைத் திறக்கவே அரை மணி நேரம். பாகு கசிந்து கற்கண்டாக இறுகியிருந்தது. சுடுநீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று முறை சுற்றி வைத்த பிறகு மெல்லக் கழன்றது. சாய்த்தேன். கறுப்புப் பக்கம் வெல்லப்பாகு போல ஒழுங்காக இறங்கியது. வெள்ளைப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. லேசாகக் குலுக்கியதும் தயிர்க்கட்டி மாதிரி ஒன்று வாயில் வந்து அடைத்துக்கொண்டது. அதன் மேல் தப்பில்லை. க்ரீம் லிக்கருக்கு ஆயுள் உண்டு, இது அதைத் தாண்டிப் பல வருடம் ஷோகேஸ் வெளிச்சத்தில் நின்றிருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். அதோடு வெள்ளைக்குக் கும்பிடு.

ஒரே மூடிக்குள் இரண்டு வாய் என்பதால் கறுப்பை மட்டும் ஊற்றவும் வழியில்லை. வெள்ளை வாயில் பிளாஸ்டிக் உறையைத் திணித்து ரப்பர் பேண்ட் போட்டேன். அழகான பாட்டில், இப்போது பல்லுக்குக் கட்டுப் போட்டது மாதிரி நிற்கிறது.

முதல் முயற்சி: கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிய கண்ணாடித் தம்ளரில் ஐரிஷ் விஸ்கி 40 மில்லி, லிக்கர் 20 மில்லி, கெட்டியான சூடான காபி 120 மில்லி. லிக்கரிலேயே இனிப்பு இருக்கிறதே என்று சர்க்கரை போடவில்லை. க்ரீமைப் பாக்கெட்டிலிருந்து அப்படியே ஊற்றினேன். நேராக அடிக்குப் போய், மேகம் மாதிரி சுருண்டு மேலே வந்து, பத்தே வினாடியில் எல்லாம் பால் காபி நிறம். குடிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஐரிஷ் காபி இல்லை.

இரண்டாம் முறை கோபத்தில் க்ரீமை விறைப்பாகும் வரை அடித்துவிட்டேன். மிதந்தது, தெர்மகோல் மிதப்பது போல. தம்ளரைச் சாய்த்தால் கட்டி நகர்ந்து மூக்கில் ஒட்டியது, அதன் ஓரமாகச் சூடான காபி பாய்ந்து உதட்டைச் சுட்டது.

இந்த இடத்தில் ஒரு ஆறுதல். 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் புவேனா விஸ்டா கஃபே நடத்திய ஜாக் கெப்லரும், பத்திரிகையில் பயணக் கட்டுரை எழுதிவந்த ஸ்டான்டன் டெலபிளேனும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். டெலபிளேன் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் குடித்த காபியைத் திரும்பப் போடப் பார்த்தார்கள். ருசி வந்துவிட்டது, க்ரீம் மூழ்கிக்கொண்டே இருந்தது. பால் பண்ணை வைத்திருந்த ஜார்ஜ் கிறிஸ்டோபரிடம் கேட்டார்கள். க்ரீமை 48 மணி நேரம் வைத்திருந்து, பிறகு பதமாக அடித்தால் நிற்கும் என்று வழி கிடைத்தது. அவர் பின்னால் அந்த நகரத்து மேயரே ஆனார்.

விஷயம் எல்லாம் எடை. விஸ்கி தண்ணீரைவிட லேசு, சூடான காபியும் குளிர்ந்த தண்ணீரைவிட லேசு. இரண்டும் சேர்ந்தால், காற்றேறாத குளிர்ந்த க்ரீம் அதைவிடக் கனம், அதனால் மூழ்குகிறது. சர்க்கரை காபியைக் கனமாக்கும். அடிக்கும்போது புகும் காற்று க்ரீமை லேசாக்கும். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. லிக்கர் சர்க்கரையை ஈடுகட்டும் என்று நினைத்ததுதான் தப்புக் கணக்கு. ஐரோப்பிய விதிப்படி லிக்கர் என்று பெயர் போட லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் இனிப்பு போதும். அந்தக் குறைந்தபட்ச அளவை வைத்துப் பார்த்தால் 20 மில்லியில் 2 கிராம், அரை டீஸ்பூன்தான். ஷெரிடன்ஸில் அதைவிடக் கூடவே இருக்கும், நாக்கே சொல்கிறது. இருந்தாலும் நம்பி இறங்க முடியாது.

மூன்றாம் முறை பழுப்புச் சர்க்கரை ஒரு டீஸ்பூன் சேர்த்துக் கரையும் வரை கலக்கினேன். 35 சதவீதம் கொழுப்புள்ள க்ரீமை ஃபிரிட்ஜில் குளிர வைத்த மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினேன். கரண்டியால் அடிப்பதைவிட இது எனக்கு ஒத்துவந்தது, ஏனென்றால் காதால் பதம் பார்க்கலாம். முதலில் ‘சளக் சளக்’ என்று சத்தம் வரும். அது மங்கி, கனமாக உருளுவது போல் மாறும்போது நிறுத்திவிட வேண்டும். சாய்த்தால் வழிய வேண்டும், ஆனால் சோம்பேறித்தனமாக வழிய வேண்டும். கரண்டியைக் கவிழ்த்துக் காபிக்கு ஒட்டினாற்போல் பிடித்து, அதன் முதுகில் ஊற்றினேன். மிதந்தது! ஆனால் கோடு கோடாகக் கீழே இறங்கவும் செய்தது. அப்போதுதான் கவனித்தேன், சர்க்கரை கலக்கிய வேகத்தில் காபி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

நான்காம் முறை அது நிற்கும் வரை காத்திருந்தேன். ஒரு நிமிடம்கூட இல்லை. மேலே ஒரு விரல் அளவு வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் கத்தியால் கீறினாற்போல் கோடு. கலக்காமல், குளிர்ந்த க்ரீம் வழியாகச் சூடான காபியை உறிஞ்ச வேண்டும். அதுதான் இதில் இருக்கும் சுகமே.

அப்புறம், கையோடு கையாக லிக்கர் இல்லாமலும் ஒன்று போட்டேன். விஸ்கியும் சர்க்கரையும் மட்டும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, அதுதான் நன்றாக இருந்தது. லிக்கர் போட்டதில் பாகின் இனிப்பு முன்னால் வந்து நின்று காபியின் கசப்பை மறைத்தது. லிக்கர் வேண்டும் என்றால் விஸ்கியை 30ஆகக் குறைத்து, லிக்கரை 10 மில்லியோடு நிறுத்துவேன். ஏழு மாதம் தேடிய பொருளுக்கு இரண்டு டீஸ்பூன் வேலை.

பெரியப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வெள்ளைப் பாதி கெட்டுப்போன விஷயத்துக்கு அவர் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை.

“சரி, கறுப்பு தீர்ந்ததும் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துடு. குதிரைக்குப் பக்கத்துல காலியா இருக்கு” என்றார்.