கிரியேட்டினின் 1.2, நார்மல்தானே?

ஆளைப் பொறுத்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு; அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். 25 வயது இளைஞருக்கு 1.2 என்றால் இ-ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் திறனின் கணக்கு, கிட்டத்தட்ட 86. அதே 1.2, 60 வயது அம்மாவுக்கு என்றால் 52தான் வரும். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. அதனால்தான் இந்த எண் ஏமாற்றுகிறது.

சுகர், பிபி உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது இதோடு யூரின் ஏசிஆரும் (சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்ற பரிசோதனை) பாருங்கள். காலை முதல் சிறுநீர் நல்லது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மி.கி.க்குக் கீழே சரி. 300ஐத் தாண்டினால் புரதம் நன்றாகவே ஒழுகுகிறது. காய்ச்சல், மாதவிடாய் நாட்களில் கொடுத்தால் தப்பாக ஏறிக் காட்டும். தண்ணீர் ஊற்றியும் கலையாத சிறுநீர் நுரை புரதம் ஒழுகுவதன் அடையாளம். கால் வீக்கம், அரிப்பு, ரத்தசோகை எல்லாம் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். வலிக்கும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் வலிக்காது.

சிறுநீரகத்துக்கு அடுத்த ஆபத்து, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலிமாத்திரை. சிலருக்கு ஏற்கெனவே பிபிக்கு ராமிப்ரிலோ டெல்மிசார்ட்டனோ, கூடவே நீர் பிரியும் மாத்திரையும் ஓடும். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரக வடிகட்டிக்குள் அழுத்தம் சரிந்து, சில நாட்களிலேயே கிரியேட்டினின் எகிறலாம். வாந்திபேதி நேரத்தில் இன்னும் மோசம்.

பிபிக்கு நல்லது என்று வாங்கும் லோ சோடியம் உப்பில் சோடியத்தைக் குறைத்துச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் மந்தமானவருக்கு அது வெளியேறாமல் தேங்கும்; ரத்தத்தில் பொட்டாசியம் 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பொட்டாசியம் உள்ள இளநீருக்கும் இதே கணக்குதான்.