நான்காம் குறுவட்டும் விண்டோஸ் 10-உம்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 என்ற கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளை அன்றே விலை கொடுத்து வாங்கி, அதன் நான்கு குறுவட்டுகளையும் கீறல் விழாமல் பாதுகாத்து வருபவர்களால்கூட இன்றைய விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் அதை அப்படியே இயக்க முடிவதில்லை. நிறுவும் வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே முடிகிறது. அதன்பின் சின்னத்தைச் சொடுக்கி, நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டிக்கும் சம்மதம் கொடுத்தால், சில நொடிகள் குறுவட்டு சுழன்று அடங்குகிறதே தவிர வேறெதுவும் நடப்பதில்லை. மென்பொருள் மிகவும் பழையது, புதிய கணினி அதை ஏற்காது என்றே பலரும் முடிவு கட்டி, பெட்டியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அந்த முடிவு தவறானது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

2003-இல், ரைட் சகோதரர்களின் முதல் பறத்தலுக்கு நூறாண்டு நிறைவதையொட்டி வெளிவந்த பதிப்பு அது. ரைட் சகோதரர்களின் 1903 விமானம், லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ், டிசி-3 போன்றவற்றோடு, 1919-இல் ராஸ் ஸ்மித்தும் கீத் ஸ்மித்தும் இங்கிலாந்திலிருந்து கராச்சி, டெல்லி, கல்கத்தா வழியாக ஆஸ்திரேலியா வரை ஓட்டிச் சென்ற விக்கர்ஸ் விமி விமானமும் அதில் இருந்தது. அதைவிட முக்கியமானது, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அந்தப் பதிப்புக்கென்றே ஆண்டுக்கணக்கில் உழைத்து இலவசமாக வெளியிட்ட விமானங்களும் விமான நிலையங்களும் நிலக்காட்சிகளும். அவற்றில் மிகப் பலவற்றைப் பிந்தைய பதிப்புகளுக்கு யாரும் மாற்றி எழுதவில்லை. மூல மென்பொருள் ஓடாவிட்டால் அந்த உழைப்பும் சேர்ந்தே அழிகிறது. டாடாவின் முதல் அஞ்சல் விமானம் 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராசுக்கும் வந்த தடத்தைத் திரையில் பின்தொடர்ந்து ஓட்டிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. அதற்கு இந்தப் பழைய பதிப்பின் கையடக்கமான எளிமையே போதும்.

இனி, எது உடைந்திருக்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் தன் பழைய நிரல்களைக் கைவிடாமல் காப்பதில் பெயர் பெற்ற இயங்குதளம். 32-பிட் காலத்தில் எழுதப்பட்ட சாதாரண நிரல்கள் பலவும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் ஓடுகின்றன. இந்த விமான மென்பொருளின் சொந்த நிரலுக்கும் புதிய விண்டோஸ் பெரிய தடை இல்லை. தடை, அதைச் சுற்றிப் பூட்டப்பட்ட சேஃப்டிஸ்க் என்ற நகல் பாதுகாப்பில் இருக்கிறது. சி-டில்லா என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த இந்தத் தொழில்நுட்பத்தை, அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தையே வாங்கியதன் மூலம் மேக்ரோவிஷன் கையகப்படுத்தியது. அதன்பின் பல ஆண்டுகள், குறுவட்டில் வந்த ஏராளமான விளையாட்டுகளில் இதுவே பூட்டாக இருந்தது.

அது வேலை செய்த விதம் நுட்பமானது. மென்பொருளின் முதன்மை இயங்கு கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதை நேரடியாக இயக்க முடியாது. முதலில் ஓடும் சிறு நிரல் ஒன்று, வட்டைப் படிக்கும் டிரைவில் இருப்பது அசல் வட்டுதானா என்று சோதித்து, ஆம் என்றால் மட்டுமே மறையை நீக்கி நினைவகத்தில் ஏற்றும். அசல் வட்டை அடையாளம் காண, தொடக்ககாலப் பதிப்புகளில் வட்டின் ஒரு பகுதியில் வேண்டுமென்றே படிக்க முடியாத செக்டார்களை, அதாவது தரவு பதியும் சிறு கூறுகளை, வைத்தார்கள். சாதாரண நகலெடுப்பு மென்பொருள் அந்தப் பிழைகளைக் கண்டதும் நின்றுவிடும், அல்லது அவற்றைத் திருத்தி எழுதிவிடும். இரண்டிலுமே அடையாளம் போய்விடும். பிறகு வந்த பதிப்புகளில், அக்காலத்து சிடி ரைட்டர்கள் பலவற்றால் சரியாக எழுத முடியாத பிட் வரிசைகளைக் கொண்ட பலவீனமான செக்டார்களும் சேர்ந்தன.

இந்தச் சோதனைகள் எல்லாம் வட்டோடும் டிரைவோடும் முடிந்திருந்தால் இன்று இவ்வளவு சிக்கல் இல்லை. சேஃப்டிஸ்க் அதோடு நிற்காமல், செக்டிரைவ்.சிஸ் என்ற டிரைவர் கோப்பை இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள் நிறுத்தியது. விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து அந்தக் கோப்பு விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பெயரைக் கேட்டால் வட்டைப் படிப்பதே அதன் பணி என்று தோன்றும். உண்மையில், மறை நீக்கப்படும் நேரத்தில் நிரலின் உள்ளோட்டத்தைக் காட்டும் டீபக்கர் என்ற கருவியை வைத்து யாராவது வேவு பார்க்கிறார்களா என்று செயலியின் டீபக் பதிவேடுகளையும் குறுக்கீட்டு அட்டவணையையும் ஆராய்ந்து சொல்வதே அதன் முக்கிய வேலை. வீட்டுக்காரர் சாவியோடு வாசலில் நிற்கிறார். திருடன் ஒளிந்திருக்கிறானா என்று பார்த்துச் சொல்லும் காவலாளி வேலையை விட்டுப் போய்விட்டதால் கதவு திறக்க மறுக்கிறது. இன்றைய நிலை இதுதான்.

காவலாளி ஏன் போனார் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. கெர்னலில் ஓடும் நிரலுக்குக் கணினியின் மீது வரம்பற்ற அதிகாரம் இருப்பதால், அதில் உள்ள சிறு ஓட்டையும் ஆபத்தானது. 2007-இல் இந்த டிரைவரில் அப்படியொரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. குறைந்த உரிமை கொண்ட பயனர் கணக்கிலிருந்து முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழி விட்டது. எக்ஸ்பிக்கும் சர்வர் 2003-க்கும் அந்த ஆண்டு டிசம்பரில் திருத்தம் வந்தது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10-இல் இந்த டிரைவருக்கே இடம் தரப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல் விஸ்டா, 7, 8, 8.1 ஆகியவற்றிலும் அதை முடக்கிவைத்தது, ஆனால் நீக்கவில்லை. ஆகவே அந்தப் பதிப்புகளில் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து அந்த டிரைவரை இயக்கிக்கொள்ளவும், வேலை முடிந்ததும் நிறுத்திவிடவும் முடியும்.

டிரைவரை நீக்கியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். கோடிக்கணக்கான கணினிகளில், பெரும்பாலோர் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத ஒரு பூட்டுக்காகக் கெர்னலில் ஓர் ஆபத்தை வைத்திருப்பதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. அந்த முடிவோடு சேர்ந்து செய்திருக்க வேண்டிய இன்னொரு வேலை செய்யப்படவில்லை என்பதுதான் என் வருத்தம். பூட்டுப் போட்டு விற்ற வெளியீட்டாளர் ஒவ்வொருவரும் பூட்டு இல்லாத இயங்கு கோப்பு ஒன்றை வெளியிட்டிருந்தால் அசல் வட்டு வைத்திருக்கும் அனைவரின் சிக்கலும் தீர்ந்திருக்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போல மறுபதிப்புக் கண்ட விளையாட்டுகள் தப்பின. ஃப்ளைட் சிமுலேட்டர் வரிசையிலும் 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் (ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) பிறகு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டு விற்பனைத் தளத்தில் மறுபிறவி எடுத்தது. 2004 பதிப்புக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்டின் ஏசஸ் ஸ்டுடியோவும் 2009-இல் மூடப்பட்டுவிட்டது.

பூட்டு உடைக்கப்பட்ட இயங்கு கோப்புகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. யார் மாற்றியது, உள்ளே வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அறிய முடியாத கோப்பை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது, டிரைவரின் ஓட்டையைவிடப் பெரிய ஆபத்து. சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தகர்ப்பதை இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அந்த நோக்கம் என்ற சொல்லுக்கு இங்கே மிகுந்த கனம் இருக்கிறது. முறையாக வாங்கிய நிரலை, அது தரப்பட்ட பயனுக்காகவே பயன்படுத்தவும், காப்பு நகல் எடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அமெரிக்காவில், அசல் வட்டையோ கருவியையோ கேட்கும் வழக்கொழிந்த நிரல்களுக்கு 2003-இலேயே ஒரு விலக்கு வழங்கப்பட்டது. பழைய மென்பொருளைப் பேணுவோரின் சிக்கலைச் சட்டமியற்றுவோர் அறவே அறியாதவர்கள் அல்லர்.

நான் பரிந்துரைக்கும் வழி, விண்டோஸ் 7 உள்ள பழைய கணினி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, இணைய இணைப்பே தராமல் வைத்திருப்பது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால் இந்தத் தனிமை கட்டாயம். தேவையான கூடுதல் கோப்புகளை வேறொரு கணினியில் இறக்கி, வைரஸ் சோதனை செய்து, பென் டிரைவ் வழியே கொண்டு செல்லலாம். மெய்நிகர் கணினியில் எக்ஸ்பியை நிறுவி ஓட்டும் வழியும் உண்டு. அகராதி, கலைக்களஞ்சியம், கணக்கு நிரல் போன்றவற்றுக்கு அது மிகவும் பொருத்தமானது. முப்பரிமாண வரைகலையை நம்பியிருக்கும் விமான மென்பொருளுக்கு அதன் வேகம் போதுவதில்லை. மேலும், மெய்நிகர் கணினிக்குள்ளும் அசல் வட்டு உள்ள டிரைவை நேரடியாக இணைத்துக் கொடுத்தாக வேண்டும்.

சேஃப்டிஸ்க்ஷிம் என்ற திறமூலக் கருவியின் அணுகுமுறை எனக்கு மிகவும் உவப்பானது. அது பூட்டை உடைப்பதில்லை; காணாமல் போன டிரைவருக்கு அனுப்பப்படும் கேள்விகளை இடைமறித்து, டிரைவர் இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருக்குமோ அதைத் தானே சொல்கிறது. கெர்னலுக்குள் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. எந்த மென்பொருளில் சேஃப்டிஸ்கின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது பயன்படும் என்பதால், முயல்வதற்கு முன் அதன் விளக்கக் குறிப்பைப் படித்துவிடுவது நல்லது. இதற்கு நேர்மாறாக, பழைய செக்டிரைவ்.சிஸ் கோப்பைத் தேடிக் கொண்டுவந்து, விண்டோஸின் டிரைவர் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு அதை ஏற்றுமாறு சிலர் வழிகாட்டுகிறார்கள். அன்றாடம் வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு விளையாட்டுக்காக முழுக் கணினியின் காவலையும் தளர்த்துவதற்கு அது சமம்.

எந்த வழியில் சென்றாலும் வட்டு தேவை என்பதால், அதன் ஆயுளைப் பற்றியும் இப்போதே யோசிக்க வேண்டும். சாதாரண ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துவைக்கும் காப்பு, தரவை மட்டுமே காக்கிறது. பிழைச் செக்டார்களின் அடையாளம் அதில் இருக்காது. எம்டிஎஃப், எம்டிஎஸ் போன்ற வடிவங்கள் அதையும் சேர்த்துப் பதிகின்றன. அப்படிப்பட்ட நகலை மெய்நிகர் டிரைவில் ஏற்றினாலும், சேஃப்டிஸ்கின் பிற்காலப் பதிப்புகள் மெய்நிகர் டிரைவைக் கண்டுகொண்டு மறுத்துவிடும். எனவே அசல் வட்டுதான் கடைசித் துணை. ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 ஓடும்போது கேட்பது நான்காம் குறுவட்டை. மற்ற மூன்றும் நிறுவும்போது மட்டும் போதும். நான்காம் வட்டை உறையில் நெருக்கிச் செருகாமல், விளிம்பைப் பிடித்தே எடுத்து, வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். புதிய மடிக்கணினிகளில் வட்டு டிரைவே இல்லாததால் யுஎஸ்பி வழி இணைக்கும் டிரைவை வாங்குவோர், வாங்கிய உடனே இந்த வட்டைப் போட்டுச் சோதித்துவிடுவது நல்லது. பிழைச் செக்டார்களை எல்லா டிரைவ்களும் ஒரே மாதிரி படிப்பதில்லை, படிக்கத் திணறும் டிரைவைக் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ள முதல் சில நாட்களில்தான் முடியும்.