இருபது டாலர் தகராறும் காரைக்கால் அம்மையாரும்

கம்போடியாவிலிருந்து ஊர் திரும்பி மூன்று நாளாகிறது. அங்கே எங்களுக்கு வண்டி ஓட்டிய வேன்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு, பதினான்கு பேர், கூட ஒரு சார், ஒரு மேடம். கோயில்கள் பார்க்கப் போனோம். போக நினைப்பவர்கள் செலவை எழுதச் சொல்லியிருந்தீர்கள். முதலில் நெஞ்சடைக்க வைத்த செலவு: அங்கோர் என்ற பழைய கோயில் நகரத்துக்கு நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. சீட்டிலேயே நம் போட்டோவை அச்சடித்துவிடுவதால் கைமாற்றவும் வழியில்லை. மூன்று நாள் சீட்டு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். எங்களிடம் புத்தி இருந்தது, டாலர் இல்லை. ஒரே நாள்.

விடிகாலை ஐந்து மணிக்கு அங்கோர் வாட். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும். குளக்கரையில் திருவிழாக் கூட்டம். நான் பார்த்தது முன்னால் நின்றவரின் செல்போன் திரையில் தெரிந்த உதயத்தைத்தான். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். ஆனால் கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறதே! 49 மீட்டர் நீளம். வாசுகியை ஒரு பக்கம் அசுரர்கள் இழுக்க, மறுபக்கம் தேவர்கள், நடுவில் திருமால். நடந்துகொண்டே பார்த்தால்தான் முடியும். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கு எழுப்பிய கோயில், இன்று புத்த பிக்குகள் நடமாடும் இடம். மேல்தளத்துக்குப் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத டாப்ஸ் மேல் துப்பட்டா போர்த்தினாலும் செல்லாது. எங்களில் ஒருத்தி கீழேயே உட்கார்ந்து பைகளுக்குக் காவல்.

பாயோன், தா புரோம் கோயில்கள் இரண்டும் ஓட்டமாக. தா புரோம்தான் வேர் விழுங்கிய கோயில், அந்தப் படத்தை நீங்களே ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள்.

மதியம் ஆரம்பித்தது வம்பு. பந்தாய் ஸ்ரெய் கோயிலுக்குப் போகணும் என்றதும் வேன்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அது பேசின கணக்கில் இல்லையாம், 30 டாலர் கூடுதலாம். தங்கிய இடத்தில் வண்டி பிடித்துக் கொடுத்தவர் நாங்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருந்தார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் தெரிந்தது. கம்போடியர்களின் கெமர் மொழியில் அண்ணனை 'போங்' என்று கூப்பிடுவார்கள். எங்கள் வாயாடி "போங், போங்" என்று கெஞ்ச, பின்சீட்டிலிருந்து "அதான் போங்கன்னு சொல்லிட்டாளே, போங்களேன்!" என்று ஒரு குரல். நாற்பது நிமிஷம் பாழ். கடைசியில் இருபதுக்கு இறங்கினார். மேடம் நீட்டிய நோட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல், அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். போகிறவர்கள் புது நோட்டாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். தூரம் அதிகம்தான், கேட்டது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைக் காலையிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன?

அதே மனுஷன்தான் வழியில் பிரே தாக் என்ற கிராமத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு கூரைக் கடைக்குள் கூட்டிப்போனார். 'நம் பஞ்சோக்' என்று அவர்கள் சொல்லும் அரிசிச் சேவை! சந்தேகமே வேண்டாம், இடியாப்பம்தான், கொஞ்சம் நீளமான இடியாப்பம். மேலே தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சேர்த்த மீன் குழம்பு, வாழைப்பூ, வெள்ளரிக்காய். ஒரு கிண்ணம் ஒன்றரை டாலர். நான் இரண்டு கிண்ணம். சைவக்காரர்கள் வெறும் இடியாப்பத்தில் பனைவெல்லத்தைத் தூவிக்கொண்டார்கள். ரோட்டோரம் இரும்புச் சட்டியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பனை அவர்களுக்குத் தேசிய மரம். நம் கருப்பட்டியைவிட வெளுப்பு, ஓலையில் பொதிந்து தருகிறார்கள். வேன்காரர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அப்போதும் அந்த இருபது டாலர் எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

பந்தாய் ஸ்ரெய் என்றால் 'பெண்களின் கோட்டை'. 967இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். கட்டியது அரசனில்லை, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். சின்னக் கோயில், செக்கச்செவேலென்ற மணற்கல், சந்தனக்கட்டையில் குடைந்த மாதிரி வேலைப்பாடு. 1923இல் இங்கே சிற்பங்களை அறுத்தெடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்ட ஆந்த்ரே மால்ரோதான் பிற்பாடு பிரான்சின் கலாசார அமைச்சர். சார் இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கிழக்கே ஒரு கோபுர வாயிலின் முகப்பில் பல கைகளோடு ஆடும் சிவன். காலடி ஓரத்தில் முலை வற்றி, எலும்பு தெரிய ஒரு பெண் உருவம். "யாருன்னு தெரியுதா?" என்றார் சார். காரைக்கால்காரி ஒருத்தி எங்கள் வகுப்பில் உண்டு. வருஷம் தவறாமல் மாங்கனித் திருவிழா பார்த்தவள். "எங்க ஊரு அம்மையாரு சார்!" என்று கத்தியேவிட்டாள். ஆய்வாளர்களும் அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள் என்றார் சார். தன்னையே பேய் என்று பாடிக்கொண்டவள், கடல் தாண்டி, கெமர் சிற்பியின் கையில்!

அவள் சாரின் சிம்மைக் கடன் வாங்கி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனை மேலே தூக்கிக் காட்டினாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அங்க மாம்பழம் படைக்கிறாங்களாடி?"