கையில் ஒரு கட்டடம்

தம்பி மகளை நேர்காணலுக்காக பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவள் உள்ளே போனதும், முதன்மைக் கட்டடத்துக்கு எதிரே ஜாம்ஷெட்ஜி டாடா சிலையடியில் உட்கார்ந்துவிட்டேன். கில்பர்ட் பேய்ஸ் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது. கழகத்தின் சின்ன மாதிரியைக் கையில் ஏந்தி நிற்கிறார் மனிதர்.

ஆனால் நிஜத்தில் அவர் இதைப் பார்க்கவே இல்லை! இப்படி ஒரு கழகம் தொடங்க 30 லட்ச ரூபாய் சொத்தைத் தருகிறேன் என்று முன்வந்தும், அன்றைய வைஸ்ராய் கர்சனின் அரசு இழுத்தடித்தது. 1904-ல் ஜெர்மனியில் காலமானார். கழகம் பிறந்தது 1909-ல். நிலம் மைசூர் அரசு கொடுத்தது, 371 ஏக்கர். (இன்றைய பெங்களூரு விலையில் பெருக்கிப் பார்த்தேன், தலை சுற்றியது.)

அப்புறம் அவள் வெளியே வந்தாள். "யார் பெரியப்பா இந்தத் தாத்தா?" என்றாள். சரிதான், நேர்காணலில் இதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.